சூசை மாமாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த காப்பி

மகனே,

வழக்கமாக மேலே இரண்டு வரி நலம் விசாரித்துவிட்டுத்தான் உனக்கு எழுதத் தொடங்குவேன். இந்தத் தடவை அதை விட்டுவிட்டேன். உன் அம்மா நன்றாக இருக்கிறாள். நான் நன்றாக இல்லை, ஆனால் அது நீ படித்த படிப்பில் வருகிற நோய் இல்லை. போன வாரம் உன் கடிதம் வந்தது. இங்கிலாந்தில் வேலை உறுதியாகிவிட்டது, மாதக் கடைசியில் பம்பாயிலிருந்து விமானம், அதற்கு முன்னால் இரண்டு நாள் ஊருக்கு வருவேன் என்று எழுதியிருந்தாய். அம்மா அதைத் தெரு முழுக்க வாசித்துக் காட்டிவிட்டாள். நானும் இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸில் திரிந்தேன். ஆனால் ஆபீஸில் கடைசிப் பத்தியை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. இதுவரை நீ செய்த வைத்தியத்திலேயே உருப்படியானது சூசை மாமாவைக் கடலிலிருந்து கரையேற்றியதுதான் என்றும், அங்கே போய்ச் சேர்ந்ததும் பெரிய டாக்டர்களிடம் அதைத்தான் முதலில் சொல்வேன் என்றும் எழுதியிருந்தாய். அதைச் சொல்லாதே. அது நீ செய்த வைத்தியம் இல்லை, நான் செய்த காரியம். எப்படிச் செய்தேன், எதற்குச் செய்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாக உட்கார்ந்து படி.

சூசை மாமா யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் ஒரே தங்கையைக் கட்டியவர், ஞானஸ்நானத்தன்று கோயிலில் உன்னைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தந்தை, பிள்ளையில்லாத வீட்டில் உனக்கென்று ஒரு தட்டும் ஒரு தலையணையும் வைத்திருக்கிறவர். ஆனால் அவரை நான் எப்படிப் பார்த்து வந்தேன் என்று உனக்குத் தெரியாது. அவர் மேல் எனக்குப் பொறாமை. அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் வந்த பொறாமை, முப்பது வருடமாகக் குறையவில்லை. இந்தக் கடிதத்தில் சில இடத்தில் எரிச்சலில் அவரை அவன் என்று எழுதிவிடுவேன், திருத்தாமல் விட்டுவிடுகிறேன். நீ டாக்டர். உள்ளதை உள்ளபடி பார்ப்பதுதான் உனக்கு நல்லது.

நம் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடங்களில். இடுப்பில் கயிறும் காலடியில் கல்லுமாக அவர் இறங்குவார். மேலே வள்ளத்தில் நான் கயிறு பிடிப்பேன். கயிறு பிடிக்கிறவன் யாராகவும் இருந்துவிட முடியாது. குளிக்கிறவனுடைய பெண்டாட்டிக்கு அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும் என்பது நம் வழக்கம். கூடப் பிறந்தவள் தாலி அறுத்துவிடக் கூடாதே என்ற பயம் இருக்கிறவன் கையில்தான் கயிறு பத்திரமாக இருக்கும் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு சரிதான். கீழிருந்து அவர் சுண்டிக் கயிறு ஒரு தடவை வெட்டினால் நான் இழுத்தேன். ஒரு நொடி தாமதித்ததில்லை. அந்த விஷயத்தில் என் கை சுத்தம். அதை நீ நம்ப வேண்டும், ஏனென்றால் பின்னால் நான் சொல்லப்போவதைப் படித்தால் உனக்குச் சந்தேகம் வரும். கடலில் நினைத்துக்கூடப் பார்க்காததை நான் கரையில் செய்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நீ ஓடிப்போய் அவர் மடியில்தான் ஏறுவாய். "மாமா, இன்னைக்குக் கீழ என்ன இருந்துச்சு?" என்பாய். அவர் அளந்துவிடுவார். பாறைக்குள் கண் மட்டும் தெரிந்த மீன் என்பார், தலைக்கு மேல் நிழல் மாதிரி போன சுறா என்பார். நீ வாயைப் பிளந்துகொண்டு கேட்பாய். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு நாளாவது மேலே என்ன இருந்தது என்று கேட்டிருக்கிறாயா? ஒரு தடவை நானே ஆரம்பித்தேன். மேலே நிற்கிறவனுக்கு என்னென்ன கவலை, கயிறு நனைந்தால் கை எப்படி எரியும், பக்கத்து வள்ளத்துக் கயிறு சிக்காமல் எப்படிப் பார்க்க வேண்டும் என்று. இரண்டாவது வாக்கியத்தில் நீ கொட்டாவி விட்டாய். உனக்கு ஏழு வயது, உன்மேல் தப்பில்லை. ஆனால் அந்தக் கொட்டாவி எனக்கு இன்னும் மறக்கவில்லை என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்புறம் கடலடியில் சிப்பி விளைகிற முத்துப் பார்கள் வெறுமையாகிவிட்டன. நான் ஷிப்பிங் ஏஜெண்டு ஆபீஸில் சரக்கு எண்ணுகிற குமாஸ்தாவாகப் போனேன். அவர் சங்கு குளிக்கப் போனார். நான் நாற்காலியில் தேய்ந்தேன். அவர் வருடத்தில் ஏழு மாதம் தண்ணீருக்குள் இருந்தார். ஐம்பது தாண்டியும் அந்த ஆள் வயிறு உள்ளேயே இருந்தது. திருவிழாவில் சப்பரம் தூக்கினால் முன்கொம்பில் அவர்தான். நான் பின்னால் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் "ஒங்க மச்சானுக்கு வயசே ஆவல அண்ணாச்சி" என்று என்னிடமே வந்து சொல்வார்கள். அவனிடம் போய்ச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. எனக்கும் அவருக்கும் ஒரே ஒரு வயதுதான் வித்தியாசம், அதுவும் அவர்தான் மூத்தவர்.

போன வருடம் பூஜை விடுமுறைக்கு நீ நாடித் துடிப்பை அளக்கிற அந்தப் பெட்டியோடு வந்து இறங்கினாய். உன் வாத்தியாரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிவந்தது, கை பழக வேண்டும் என்றாய். வயது ஏறஏற ரத்தக்குழாய் விறைத்துக்கொண்டே போகும், நோய் நொடி இல்லாத ஆளுக்கும் விறைக்கும், ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி விறைப்பதில்லை, அது ஏன் என்று பார்க்க வேண்டும் என்று சொன்னாய். அதனால் ஆரோக்கியமான ஆட்கள்தான் வேண்டும் என்றாய். நம் தெருவில் நோயாளி வேண்டும் என்றால் வரிசையில் வந்து நிற்பார்கள், ஆரோக்கியமானவன் வேண்டும் என்றால் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நீ முதலில் என்னைக் கூப்பிட்டாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. கட்டிலில் படுக்க வைத்து, பெட்டியிலிருந்து வந்த இரண்டு குமிழ்களில் ஒன்றைக் கழுத்திலும் ஒன்றைத் தொடையிடுக்கிலும் வைத்தாய். காகிதச் சுருளில் இரண்டு முள் ஏறி இறங்கின. கழுத்தில் துடிப்பு வந்த நேரத்துக்கும் தொடையில் வந்த நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்தாய், டேப்பை எடுத்து உடம்பில் தூரம் பார்த்தாய். "குழாய் இளகி இருந்தா அலை மெதுவாப் போவும்பா. விறைச்சிருந்தா சட்டுனு போயிரும்" என்றாய். எனக்கு உடனே புரிந்துவிட்டது. தொய்ந்த கயிற்றைக் கீழே ஒருவன் வெட்டினால் மேலே தெரிய நேரமாகும், இறுகின கயிற்றில் வெட்டினால் அந்த நொடியே கைக்கு வந்துவிடும். இதைச் சொன்னதும் நீ நிமிர்ந்து பார்த்து, "அதேதான்பா, இவ்வளவு தெளிவா எனக்கே சொல்லத் தெரியல" என்றாய். என் வேலையைப் பற்றி நான் சொன்ன ஒன்றை நீ காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு நோட்டை எடுத்துவைத்துக் கேள்வி கேட்டாய். புகை உண்டா, எத்தனை வருடமாக, உப்பு தூக்கலாகத் தின்பீர்களா, கருவாடு வாரத்தில் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பீர்கள், எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள், தாத்தா எப்படி இறந்தார், பாட்டிக்கு என்ன நோய், தூக்கம் எப்படி. கோபம் வருமா என்றும் கேட்டாய். "வராது" என்றேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா சிரித்தாள். பொறாமை வருமா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வராது என்றுதான் சொல்லியிருப்பேன். கடைசியில் கணக்குப் பார்த்துவிட்டு, "ஒங்க வயசுக்குச் சரியா இருக்குப்பா" என்றாய். நல்ல சேதிதான். ஆனால் எனக்கு முகம் தொங்கிவிட்டது. வயதுக்குச் சரியாக இருக்கிறதாம். அடுத்து நீ சொன்னதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. "நாளைக்கு மாமாவப் பாக்கணும். முப்பது வயசுக்காரனுக்கு ஓடுத மாதிரி ஓடும்னு நெனைக்கேன்" என்று கண் விரியச் சொன்னாய். அளக்கிறதுக்கு முன்னாலேயே அவனுக்கு இருபது வயதைக் குறைத்துவிட்டாய்.

அளக்க வருகிறவர் காலையிலிருந்து காப்பி, டீ குடிக்கக் கூடாது, சுருட்டு பீடி தொடக் கூடாது, சாப்பிடக் கூடாது, வந்து பத்து நிமிடமாவது படுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் துடிப்பு எகிறிக் கணக்கு தப்பாகிவிடும் என்று சொல்லி, இதை மாமாவிடம் போய்ச் சொல்லச் சொன்னாய். என்னிடம்தான் சொன்னாய். நான் அன்று சாயங்காலமே போனேன். "வெறும் வயித்தோட வரணுமாம். அவ்வளவுதான்" என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை.

மறுநாள் முதல் பூசை முடிந்து கோயிலிலிருந்து அவரை நான்தான் கூட்டிவந்தேன். வழியில் காப்பிக் கடை. "ஒரு காப்பி குடிச்சுட்டுப் போவோம்" என்றேன். அவர் தயங்கினார். "மருமவன் வெறும் வயித்தோட வரச் சொன்னான்லா?" என்றார். "அது சோறு பலகாரத்துக்கு. காப்பி தண்ணிதான" என்றேன். கடைக்காரரிடம் டிக்காஷன் தூக்கலாக என்று நானே சொன்னேன். ஒன்று முடிந்ததும் இன்னொன்று சொன்னேன். பிறகு ஒரு சுருட்டு. கடலிலிருந்து கரைக்கு வந்த பிறகு ஒரே ஒரு சுருட்டு, அதுதான் அவர் பழக்கம். காலையில் தொட மாட்டார். "என்ன மச்சான், இன்னைக்கு ரொம்பக் கவனிக்க" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் பற்றவைத்தார். முப்பது வருடத்தில் நான் என் கையால் அவருக்கு எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை. அதனால் அவருக்கு அது சந்தோஷமாக இருந்தது. கடைசி வரை இழுத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

நீ என்னிடம், "எப்பா, மாமாட்ட எல்லாம் சொல்லிட்டியளா?" என்று கேட்டாய். "சொல்லிட்டேன்" என்றேன். அவரிடம், "சொன்னபடி இருந்தீங்களா மாமா?" என்று கேட்டாய். அவருக்குச் சொல்லப்பட்டது வெறும் வயிறு மட்டும்தானே. "ஆமா மருமவனே, அப்படியே வந்திருக்கேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அவர் ஒழுங்காகப் படுக்கவும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்க அவர் அவர்களிடம் பேசிக்கொண்டே கிடந்தார். நீ முதல் சுருளைப் பார்த்தாய். இரண்டாவது எடுத்தாய். மூன்றாவது எடுத்தாய். பாதரசப் பெட்டியைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தாய், மறுபடியும் பார்த்தாய். உன் முகம் சுருங்கிக்கொண்டே போனது. நான் ஜன்னல் பக்கம் நின்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தகப்பன் மகன் முகம் வாடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவாயா? பட்டேன். வாய்க்குள் சிரிப்பை அடக்க முடியாமல் முற்றத்துக்குப் போய்விட்டேன்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். மாமாவும் மனுஷன்தான் என்று உனக்குத் தெரிந்தால் போதும், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. ஆனால் நீ வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னைய விட நீங்க சொன்னா கேப்பாருப்பா. இந்த வருசம் சங்குக்குப் போவ வேண்டாம்னு சொல்லணும். மூச்சப் புடிச்சு அடியில போறது இந்தக் குழாய்க்கு ஆவாது" என்றாய். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை, காப்பி என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னால் நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்று பயந்தேன். அவரிடம் போய்ச் சொல்லவும் நான் நகராததால் நீயே அவரிடம் சொன்னாய். அவர் உன்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. "நீ சொன்னாச் சரிதான் மருமவனே" என்றார். அடுத்த லீவில் மறுபடியும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாய். பரீட்சை, வார்டு டூட்டி என்று அந்த லீவு வரவே இல்லை.

இந்த ஒரு வருடத்தில் என்ன நடந்தது என்று உன் அத்தை உனக்கு எழுதியிருக்க மாட்டாள். முத்தையாபுரத்தில் உப்பு மூட்டை அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கியில் அவர் வாட்ச்மேன். காக்கிச் சட்டை, இரும்பு நாற்காலி, லாரி வந்தால் எழுந்து கேட்டைத் திறக்க வேண்டும், நம்பரை எழுதிக்கொள்ள வேண்டும். மற்ற நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். நாளைக்கு ஒரு சுருட்டு என்று இருந்தது ஐந்தாகிவிட்டது, அங்கே வேறு என்ன செய்ய? முதல் இரண்டு மாதம் நான் வாரத்துக்கு ஒரு தடவை அவரைப் பார்க்கப் போனேன். பாசத்தில் போனேன் என்று உன் அம்மா நினைத்தாள். நான் போனது பார்க்க. வயிறு தள்ளியது. எழுந்திருக்கும்போது முழங்காலில் கை ஊன்றினார். இந்தத் திருவிழாவுக்குச் சப்பரத்தில் தோள் கொடுக்க வரவில்லை, என் பக்கத்தில் செருப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தார், இரண்டு தெரு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. எனக்கும் வாங்கியது. இரண்டு பேரும் ஒரே மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தோம். எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அந்த நிம்மதி கெட்டது போன மாதம். உன் அத்தை வந்து அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "அண்ணே, அவரு தெனமும் காலையில தண்ணித் தொட்டிக்குள்ள மூஞ்ச முக்கி மூச்சப் புடிக்காரு. என்னைய எண்ணச் சொல்லுதாரு" என்றாள். "எண்ண வேண்டியதுதான ஏளா" என்றேன். "கொறஞ்சுக்கிட்டே வருதுண்ணே. நான் ரெண்டு மூணு கூட்டிச் சொல்லுதேன். அவருக்குத் தெரிஞ்சு போச்சு. நேத்து, 'ஏளா, பொய் சொல்லாத'ன்னு சொல்லிட்டு ஈரத் தலையோட அப்படியே உக்காந்துட்டாரு" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் அவருக்கு இல்லாத நோயை ஒரு காப்பிக் கடையில் வாங்கிக் கொடுத்தேன், அதை நீ நம்பி அவரை நாற்காலியில் உட்காரவைத்தாய், அந்த நாற்காலி இப்போது பொய்யை மெய்யாக்கிக்கொண்டிருக்கிறது. நீ நோட்டில் எழுதிக் கேட்டாயே, எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள், எத்தனை சுருட்டு, தூக்கம் எப்படி என்று. அன்றைக்கு அவர் சொன்ன பதிலெல்லாம் இப்போது மாறிவிட்டது. மாற்றியது நான்.

இதோடு உன் கடிதமும் வந்த பிறகு இனிமேல் பொறுக்க முடியாது என்று நேற்று மத்தியானம் பஸ் ஏறிக் கிட்டங்கிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும், "ஏலே மச்சான், என்ன இந்நேரம்? ஒந் தங்கச்சிக்கு ஒண்ணுமில்லயே?" என்று எழுந்தார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொல்லி அனுப்பியது, நான் சொல்லாமல் விட்டது, இரண்டு காப்பி, சுருட்டு. அதற்குள் ஒரு லாரி வந்துவிட்டது. போய்க் கேட்டைத் திறந்தார், நம்பர் எழுதினார், மூடிவிட்டு மெதுவாக வந்தார்.

"சொல்லு" என்றார்.

"சொல்லிட்டேனே."

"இன்னொரு தடவ சொல்லு."

இன்னொரு தடவை சொன்னேன். முதல் தடவையை விட அது கஷ்டமாக இருந்தது. கேட்டுவிட்டு நம்பர் எழுதின நோட்டை மூடினார்.

"அப்போ அன்னைக்கு எனக்கு ஒண்ணுமில்லையா?"

"இருந்திருக்காது. எனக்கு நிச்சயமாத் தெரியாது. அவன் மறுபடி பாத்தாத்தான் தெரியும்."

"ஒரு சீசன் போச்சே மச்சான். வள்ளம் போறதப் பாக்கக் கூடாதுன்னு அஞ்சாறு மாசம் நான் கடக்கரைப் பக்கமே போவல" என்றார். பிறகு, "எதுக்குலே செஞ்ச?" என்று கேட்டார்.

"பொறாமை" என்றேன். வேறு என்ன சொல்ல.

"எதுல பொறாமை? ஒனக்கு ஆபீஸ் இருக்கு, தலைக்கு மேல ஃபேன் இருக்கு. டாக்டர் மவன் இருக்கான். எனக்குன்னு என்னலே இருக்கு? ஒம் மவன் என்னைய மாமான்னு கூப்புடுதான், அது ஒண்ணுதான். அதுவுமா ஒனக்குப் பொறுக்கல?"

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார், அடுத்த லாரியை உள்ளே விட்டார், திரும்பி வந்தார். வந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "இத பையனுக்கு எழுதிராத. அவன் சீமைக்குப் போறான். அப்பன மதிக்காம போவக் கூடாது. வரும்போது நானே, மறுபடி ஒரு தடவ பாரு மருமவனேன்னு கேட்டுக்கிடுதேன். காப்பி குடிக்காம இருந்துக்கிடுதேன். நீ வாயத் தொறக்காத" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அழுதேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அழவில்லை. வயிறு எரிந்தது. ஒரு வருடத்தைப் பறிகொடுத்தவன் அரை மணி நேரத்துக்குள் என் மானத்தைக் காப்பாற்றத் திட்டம் போடுகிறான். நான் எவ்வளவு முக்கினாலும் என்னால் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. அவர் சொன்னபடி நான் வாயை மூடிக்கொண்டால் நீ கடைசி வரை என்னை மதிப்பாய், அந்த மதிப்பு அவர் போட்ட பிச்சையாக இருக்கும். அதிலும் அவரை ஜெயிக்க விட எனக்கு மனசில்லை. இந்தக் கடிதத்தை நான் எழுதுவதற்கு நல்ல மனசு காரணம் என்று நினைத்துவிடாதே. காரணம் அதே பழைய பொறாமைதான். நல்லதைச் செய்வதற்கும் எனக்கு அதுதான் கிடைத்தது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் தகப்பன், சொல்லாமல் விட முடியாது. வெள்ளைக்காரன் ஊரில் எத்தனையோ பேர் நாடியைப் பிடிப்பாய். படுத்திருக்கிற ஆளிடமே நேராகக் கேள். என்ன குடித்தாய், என்ன பிடித்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேள். சொன்னபடி இருந்தாயா என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதே. கூட்டிவந்தவன் தகப்பனாக இருந்தாலும் அவன் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளாதே. நீயும் விடிய விடிய உட்கார்ந்து படிக்கிறவன், தினமும் கொஞ்சம் நட. எவனையாவது பார்த்து உனக்கு வயிறு எரிந்தால் அதை அவனிடமே சொல்லிவிடு. அசிங்கமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளே வைத்து வளர்த்தால் அது ஒரு நாள் கையைக் காலை நீட்டிக்கொண்டு வெளியே வரும்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். சங்கு சீசன் அடுத்த மாதம் தொடங்குகிறது. ஊருக்கு வரும்போது அந்தப் பெட்டி கிடைத்தால் எப்படியாவது கொண்டுவா. ரயிலை விட்டு இறங்கியதும் நேராக அவர் வீட்டுக்குப் போ. என்னென்ன கூடாது என்று உன் அத்தையிடம் நானே போய்ச் சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறேன். நல்லபடியாக வந்தால் அவரைக் கடலுக்கு அனுப்பு. இந்த ஒரு வருடத்தில் நிஜமாகவே கெட்டுப்போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல், வயசாகிவிட்டது மாமா என்று மட்டும் சொல்லிவிடாதே. அவர் வயது செய்த வேலை இல்லை அது. போவதா வேண்டாமா என்று அவரும் நீயும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நான் அந்தப் பக்கம் வர மாட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு உனக்குத் தோன்றினால் நம் வீட்டுக்கு வா. அம்மா காலையிலிருந்தே சமைத்துக்கொண்டிருப்பாள், அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. நீ வராவிட்டால் அவளிடம் காரணத்தை நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா